கறுப்பு ஸ்கிரீனும் தங்கச்சியும்

வீட்டுல ஒரு லினக்ஸ் சர்வர் வைக்கணும்னு ஆசைப்படுற எல்லாருக்கும் முதல் சந்தேகம் இதுதான்: டெஸ்க்டாப் போடணுமா, வேண்டாமா? நான் போடலை. அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்றேன்.

எங்க வீடு கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில். அக்கா பிளஸ் டூ படிச்சப்போ கிடைத்த அரசு லேப்டாப் பரணில் கிடந்தது. 2011-ல் தொடங்கிய திட்டம் அது. அக்காவுக்குக் கிடைத்ததில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எங்க வீட்டில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

ரேம் 2 ஜிபிதான். டெபியனுக்கு டெஸ்க்டாப்போடு 2 ஜிபி, இல்லாமல் 512 எம்பி பரிந்துரைக்கிறார்கள். அதனால் வெறும் டெர்மினல் மட்டும் போட்டேன். மூடியை மூடினாலும் தூங்காதபடி செட்டிங்கை மாற்றினேன். கிவிக்ஸ் போட்டு தமிழ் விக்கிபீடியாவை இறக்கி வைத்தேன். சிக்னல் இல்லாத நாளிலும் தங்கச்சி வீட்டு வைஃபையில் படிக்கலாம். குடும்ப போட்டோக்கள், செத்துப்போன ஆயா பேசின ஆடியோ எல்லாம் அதில்தான். இன்னொரு காப்பி எடுக்கலை. அது என் தப்பு.

நான் சென்னை ஹாஸ்டலுக்கு வந்த பிறகு ஒரு மழை நாளில் மலையில் கரண்ட் போச்சு. லேப்டாப்பில் பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு. கரண்ட் வந்து தங்கச்சி பட்டனை அழுத்தியிருக்கிறாள். அம்மா போன் பண்ணினாங்க: "கறுப்பா இங்கிலீஷ்ல ஏதோ நிக்குதுடா. கெட்டுப்போச்சா?"

தங்கச்சியைப் படிக்கச் சொன்னேன். இனிட்ராம்எஃப்எஸ் என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. டிஸ்க்கில் பிழை. இந்த நிலையில் நெட்வொர்க்கே வராது. நான் இங்கிருந்து உள்ளே போக வழியில்லை.

"எஃப் எஸ் சி கே... ஸ்பேஸ்... மைனஸ் ஒய்... ஸ்பேஸ்... ஸ்லாஷ் டெவ்..." நடுவில் இரண்டு முறை லைன் கட். "ஸ்லாஷ்னா எந்தப் பக்கம் சாயும்ணா?" எஸ்டிஏ ஒன்று வரை அடிச்சு, எண்டர் தட்டினாள். வரிவரியாக ஓடியது. அப்புறம் எக்சிட். பத்து நிமிஷம் கழிச்சு அவளே கூப்பிட்டாள்: "அண்ணா, ஆயா பேசுறாங்க."

"டெஸ்க்டாப் போட்டிருந்தா இந்தத் தலைவலியே இல்ல" என்றான் ரூம்மேட். இல்லை நண்பா. டெஸ்க்டாப்பும் அதே டிஸ்க்கில்தான் இருக்கும். டிஸ்க் மவுண்ட் ஆகாதவரைக்கும் அதுவும் வராது. அப்போ எல்லாருக்கும் கறுப்பு ஸ்கிரீன்தான்.

ரேம் தாராளமா இருந்தால் லேசான டெஸ்க்டாப் ஒன்றைப் போட்டு வையுங்க. பூட் ஆகும்போது டெர்மினலோடு நிற்கச் செஞ்சு, தேவைப்படும்போது மட்டும் கிளப்பலாம். அதில் தப்பே இல்லை.

ஆனா என் தப்பு வேற. வீட்டுக்கென்று வெச்ச சர்வரை எனக்கு மட்டுமே புரியிற மாதிரி வெச்சிருந்தேன். அடுத்த லீவில் கள்ளக்குறிச்சியில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிட்டுப் போய்க் காப்பி எடுத்தேன். பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஒழுங்கா ஷட்டவுன் ஆகும்னு அப்பாவுக்குக் காட்டினேன். நாலு கமாண்டைத் தமிழில் விளக்கத்தோடு எழுதி மூடிக்குள் ஒட்டினேன். போன வாரம் அந்தப் பேப்பரில் ஐந்தாவதாக ஒன்றைத் தங்கச்சியே எழுதிச் சேர்த்திருக்கிறாள்.

நீங்க சர்வர் போடும் முன்னாடி இதை மட்டும் யோசிங்க: நீங்க ஊரில் இல்லாதப்போ அது நின்னா, முன்னாடி உட்காரப் போறது யாரு? முதல்ல அவங்களுக்குச் சொல்லிக் கொடுங்க.