அம்மாவின் சேலைகளும் ஒரு கத்தரிக்கோலும்

சிவாஜிநகர் ஜும்மா மசூதி சாலையில் பிற்பகல் மூன்று மணிக்கும் நெரிசல் குறையவில்லை. கையில் ஒரு காகிதத்தோடு கடை கடையாக ஏறி இறங்குகிறார் அந்த 59 வயதுப் பெண்மணி. காகிதத்தில் பதினோரு பொருள்கள். பீட்ஸா வெட்டுவது போன்ற சுழல் கத்தி, அதற்கு அடியில் விரிக்கத் தனிப் பாய், கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஸ்கேல், பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு... அமெரிக்காவிலிருந்து மகள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. நான்காவது கடையில் நூல் விற்பவர் பொறுமையிழந்தார்: "இதெல்லாம் வெச்சு என்னம்மா தைக்கப் போறீங்க?"

தைக்கப் போவது ஒரு குயில்ட். ஒட்டுத்துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்த முகப்பு மேலே, கதகதப்புக்கு ஒரு அடுக்கு நடுவே, முழுத்துணி அடியில். மூன்றையும் ஊடுருவிப் பிடிக்கும் தையல். மகளுக்கு இது தலைப்பிரசவம். அம்மாவோ போன வருடம் போய்ச் சேர்ந்தார். பீரோவில் அவருடைய பருத்திச் சேலைகள் பதின்மூன்று. இங்கே பிறந்திருந்தால் கொள்ளுப்பேரனுக்கு அதில் ஒன்று தூளியாகியிருக்கும். தூளி கட்ட வளையமில்லாத வீட்டுக்குச் சேலையை வேறு எப்படி அனுப்புவது?

1809-ல் பிரிட்டிஷார் கன்டோன்மென்ட் அமைத்தபோது, ராணுவத்தோடும் அதை நம்பிய தொழில்களோடும் வந்த தமிழர்கள் குடியேறிய பகுதிகளில் ஒன்று அன்றைய பிளாக்பள்ளி, இன்றைய சிவாஜிநகர். உருதுவும் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும் இந்தத் தெருக்களில்தான் அவர் வளர்ந்தார். கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த கடை இன்னமும் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அங்கே போய்க் காகிதத்தை நீட்டினார். கண்ணாடியை உயர்த்திக்கொண்டு படித்த பாய் சிரித்துவிட்டார்.

"இந்தக் கத்தி வர்றதுக்கு முன்னாடி யாரும் தைக்கலையாம்மா?"

நியாயமான கேள்வி. அந்தச் சுழல் கத்தியை ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் செய்தது 1979-ல்தான். அடுக்கி வைத்த துணிகளை ஒரே இழுப்பில் வெட்டித்தள்ளும், நேரம் மிச்சம். அதற்கு முந்தைய ஒட்டுத்துணிப் போர்வைகள் எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டியவையே.

பாய் பட்டியலை மறுபுறம் திருப்பி எழுதத் தொடங்கினார். முதலில், நல்ல கத்தரிக்கோல் ஒன்று. "இது துணிக்கு மட்டும். ஒரு நாள் பேப்பர் வெட்டினீங்கன்னா போச்சு. அப்புறம் துணியைக் கடிக்கும், வெட்டாது." அடுத்து ஊசி. கை ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். மெஷின் ஊசியில் தலைகீழ், எண் கூடினால் தடிமன். நூல் பருத்தியாக இருக்கட்டும். இழை ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம். மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்தால் முறுக்கிக்கொள்ளாது. நடுவிரலுக்கு ஒரு அங்குஷ்தானா. மூன்று அடுக்கைக் குத்தித் தள்ளும்போது விரல் புண்ணாகாமல் காப்பது அந்த உலோகத் தொப்பிதான். பிறகு குண்டூசி, சாக், இஞ்ச் டேப். இஸ்திரிப் பெட்டி வீட்டிலேயே இருக்கிறது.

கட்டம் வரைய அளவு அட்டை? "வீட்ல எக்ஸ்ரே ஃபிலிம் இருக்குமே, அதுல வெட்டிக்குங்க. அட்டை மாதிரி ஓரம் தேயாது." வீட்டிலிருந்த எக்ஸ்ரே படங்கள் எல்லாம் அம்மாவுடையவை. கடைசி மாதங்களில் எடுத்தவை. அவற்றில் ஒன்றிலிருந்து அன்றிரவு ஐந்து அங்குலச் சதுரம் வெட்டியபோது அவருக்குக் கை நடுங்கவில்லை. சேலையை எடுத்தபோதுதான் நடுங்கியது. மடித்து உள்ளே வைத்துவிட்டு, ரவிக்கைத் துணித் துண்டுகளில் பழகிக்கொள்ளத் தீர்மானித்தார்.

வரிசைக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள். பதினான்கு அங்குலம் வர வேண்டியது பதின்மூன்றரைதான் வந்தது. நடுவில் புடைப்பு வேறு. மறுநாள் பாய் பிரித்துக் காட்டினார். தையலுக்கு விட வேண்டிய ஓரம் கால் அங்குலம். இவர் அரைக்கால் அங்குலம் கூடுதலாக விட்டிருந்தார். ஒரு தையலில் இரண்டு ஓரம், ஆக கால் அங்குலம் நஷ்டம். எட்டுக் கட்ட வரிசையாக இருந்தால் ஒன்றே முக்கால் அங்குலம் காணாமல் போயிருக்கும். "வெட்டறதுக்கு முன்னாடி துணியைத் துவைங்க. பின்பக்கம் சாக்கால் கோடு போட்டுத் தைங்க. ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி. தேய்க்காதீங்க, அழுத்துங்க. தேய்ச்சா துணி இழுத்துக்கும்."

மூன்றாவது முயற்சியில் அளவு சரியாக வந்தது. அதற்குமேல் சாக்கு இல்லை. சேலைகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழ்க்கரையை ஒட்டிய பகுதி கால் பட்டு நைந்திருந்தது. முந்தானைகள் உறுதியாக இருந்தன. நான்கு சேலை, ஆளுக்குப் பதினெட்டாக எழுபத்திரண்டு கட்டம். முதல் வெட்டுக்குப் பிறகு அழுகை வந்தது. பத்தாவது வெட்டில் அது வேலையாகிவிட்டது.

எட்டுக்கு ஒன்பதாகச் சேர்த்த முகப்பை மொட்டை மாடியில் விரித்திருந்தபோது, தார்வாட் பக்கத்துக்காரரான அண்டை வீட்டம்மா பார்த்துவிட்டார். "இது நம்ம கௌதிதானே!" வட கர்நாடக வீடுகளில் பழந்துணிகளை அடுக்கி ஓட்டத் தையலில் தைக்கும் போர்வை அது. வங்காளத்தில் இதன் உறவு காந்தா. அதற்கு நூலைக்கூடப் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவுவார்கள். அதே கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்து ஹளியாள், எல்லாப்பூர் பகுதிகளில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் செய்வது கவந்தி. அடியில் ஒரு சேலையை விரித்து, ஓரத்திலிருந்து துண்டுகளை வைத்துத் தைத்தபடியே நடுவை நோக்கி வருவார்கள். கட்டம் வரைவதில்லை, அளவு அட்டை கிடையாது. முடிந்ததும் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து 'பூ' வைக்க வேண்டும். பூ இல்லாத கவந்தி அவர்களுக்கு நிர்வாணம்.

அந்தப் பெண்களின் 'அத்தியாவசியப் பொருள்கள்' ஊசி, நூல், பழைய துணி. அவ்வளவுதான். கால் அங்குலக் கணக்கு இவருடைய கட்டங்களுக்குத் தேவைப்பட்டது. பதினோரு பொருள் பட்டியல் யாருக்கும் தேவைப்படவில்லை.

அடித்துணிக்காக இவர் கடையில் பாப்ளின் வாங்குவதாக இருந்தார். சேலையையே விரிக்கும் வழக்கத்தைக் கேட்டபின் மனசு மாறியது. வெட்டவே மாட்டேன் என்று ஒதுக்கி வைத்திருந்த சுங்குடிச் சேலையை எடுத்தார். ஒரே ஒரு வெட்டு, ஒரு மீட்டர். மீதி நாலரை மீட்டர் முந்தானையோடு பீரோவுக்குத் திரும்பியது. நடுவே அப்பாவின் பழைய வேட்டி, இரண்டாக மடித்து. "கச்சா போடாமல் ஆரம்பிக்காதீங்க" என்று பாய் சொன்னபடி, நடுவிலிருந்து ஓரம்வரை நீளத் தையல் போட்டு மூன்றையும் நிறுத்திக்கொண்டார். பிறகு தினம் ஒரு மணி நேரம், ஏழு வாரம்.

மூலைகளில் நான்கு பூக்கள் வைத்து முடித்தபோது மகள் சொன்னாள்: "அம்மா, ஒரு வயசுவரைக்கும் தொட்டில்ல போர்வையே கூடாதுன்னு இங்க டாக்டருங்க சொல்றாங்க."

அவர் அசரவில்லை. "அப்போ தரையில விரிச்சு அவனைக் குப்புறப் போடு, நீயும் பக்கத்துல உட்காரு. சுங்குடிப் பக்கம் மேலே இருக்கட்டும்."