குறையுள்ள பொருளின் நேரிய விலை

விலை கேட்பதும் விலை சொல்வதும் திருப்பூர் மண்ணில் மூச்சு விடுவதைப் போன்றவை. நூல் கிலோ என்ன விலை, சாயக்கூலி எவ்வளவு, ஒரு பனியன் தைக்க பீஸ் ரேட் என்ன என்று நாள் முழுவதும் பேசிப் பழகிய மக்கள் நம் மக்கள். அப்படிப்பட்டவர்களையும் தயங்கி நிற்கச் செய்யும் கேள்வி ஒன்று உண்டு. புதியதுமன்றி, கழித்துப்போட்டதுமன்றி, இடையில் நிற்கும் குறையுள்ள பொருளுக்கு நேரிய விலை என்ன என்பதே அது. புதிய பொருளின் விலையை உற்பத்தி செய்தவர் சொல்லிவிடுகிறார். உதவாத பொருளின் விலையைப் பழைய இரும்புக் கடைக்காரரின் தராசு சொல்லிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதற்கு மனிதர்களின் மனச்சான்றே விலை சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தகைய பொருள் ஒன்றுக்கு விலை காணும் பொறுப்பு ஈராண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்து சேர்ந்தது. பங்கு இல்லத்திற்கு நிலத்தகராறு வரும், பாகப்பிரிவினை வரும்; இம்முறை வந்ததோ ஒரு ஸ்போர்ட்ஸ் கார்! 'சான் ஸ்டார்ம்' என்பது அதன் பெயர். 1990களின் பிற்பகுதியில் சான் மோட்டார்ஸ் என்னும் இந்திய நிறுவனம் கொண்டுவந்த வண்டி அது. இரண்டே இருக்கைகள், திறந்து மூடும் மேற்கூரை, ஃபைபர் உடல், பிரான்சு நாட்டு ரெனோ நிறுவனத்தின் 1.2 லிட்டர் எஞ்சின். மிகச் சிலரே வாங்கினர். எனவே சாலையில் கண்டவர்களும் சிலரே.

சாயப்பட்டறை நடத்திய ஒருவர் அதை வாங்கியதில் வியப்பில்லை. கொங்கு நாட்டுக்குக் கார்ப் பந்தய மோகம் புதிதன்று. கோவை கரிவரதன் பந்தயக் கார்களைத் தாமே உருவாக்கி ஓட்டியவர். அவர் 1995-இல் விமான விபத்தில் மறைந்த பின் அவர் பெயரால் செட்டிபாளையத்தில் பந்தயத் திடல் எழுந்தது. அதே கோவையிலிருந்து சென்ற நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். ஏற்றுமதி செழித்த நாள்களில், நம் பங்கைச் சேர்ந்த அம்மனிதர் ஆசைக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்தக் கார்தான் என்று அவருடைய துணைவியார் சொன்னார்.

பின்னர் 2011 ஜனவரி வந்தது. நொய்யல் ஆற்றில் கழிவுநீர் கலப்பதை முன்னிட்டுத் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆறு செத்துக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. ஆலையை நம்பி வாழ்ந்த வீடுகளில் அடுப்பு அணைந்தது என்பதும் உண்மை. அவருடைய பட்டறை மீண்டும் திறக்கவேயில்லை. கார் தார்ப்பாயின் கீழ் ஒதுங்கியது. சில ஆண்டுகளில் அவரும் இறைவனடி சேர்ந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு நாள் குறிக்கப்பட்டபோதுதான் அந்த அம்மையார் தார்ப்பாயை விலக்கினார்.

"சாமி, அவரு ஆசையா வாங்குனதுங்க. எவ்வளவு கேக்கறதுன்னே தெரியலீங்க" என்பதே அவர் நம்மிடம் வைத்த வழக்கு.

வழக்கில் இரண்டு விலைகள் ஏற்கெனவே இருந்தன. கொழுந்தனார் ஐந்து இலட்சத்திற்குக் குறையக் கூடாது என்றார். அண்ணன் கொடுத்த விலையையும், பின்னர்ச் செய்த செலவுகளையும் கூட்டி அவர் அத்தொகைக்கு வந்திருந்தார். வாங்க விரும்பியவரோ எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கும் ஓர் இளைஞர். நம் பங்குப் பிள்ளைதான். அறுபதாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஓடாத வண்டிக்கு அதுவே அதிகம் என்பது அவர் வாதம். வாங்குகிறவன் பொருளைப் பழித்துப் பேசிவிட்டு, வாங்கிச் சென்றபின் பெருமை பேசுவான் என்று நீதிமொழிகள் நூலாசிரியர் அன்றே கண்டு எழுதிவைத்தது நம் நினைவுக்கு வந்தது.

இரண்டு விலைகளுமே பொருளைப் பார்த்துச் சொன்னவை அல்ல. கொடுத்த பணத்தின் நினைவிலிருந்து ஒன்று பிறந்தது. கொடுக்க மனமில்லாமையிலிருந்து மற்றொன்று. நேற்றுச் செலவிட்ட தொகை இன்றைய விலையாகாது. அவ்வாறு ஆகுமானால் நட்டம் என்ற சொல்லே வணிகத்தில் இராது. அதேபோல், ஓடவில்லை என்பதாலேயே ஒரு பொருள் மதிப்பிழந்துவிடுவதுமில்லை. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாண்டரே நகர ஏலத்தில், முன்னொரு காலத்தில் தீப்பற்றி எரிந்து உருக்குலைந்த 1954-ஆம் ஆண்டு ஃபெராரி 500 மாண்டியல் கார் ஒன்று 18,75,000 டாலருக்கு விலைபோயிற்று. ஆனால் நம் வண்டி ஃபெராரியன்று. அரிது என்பது மட்டும் போதாது. அரியதைத் தேடுகிறவர்களும் வேண்டும்.

பழைய கார்களை மதிப்பிடும் அமெரிக்க நிறுவனமான ஹேகர்ட்டி, ஒரே மாதிரி வண்டிக்கு நான்கு நிலைகள் வகுத்து நான்கு விலைகள் சொல்கிறது. முதல் நிலை கண்காட்சியில் நிறுத்தத்தக்கது; நான்காம் நிலை கண்ணுக்குத் தெரியும் குறைகளோடு ஓடுவது. நம் வண்டியோ ஓடவே ஓடாதது. அந்த நான்கிற்கும் கீழே நிற்பது. எனவே அதற்கு விலை காணும் வழி ஒன்றே: பழுது நீங்கி நன்றாக ஓடினால் என்ன பெறும் என்று முதலில் கேட்க வேண்டும், அந்நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழிக்க வேண்டும், கண்ணுக்குப் புலப்படாத பழுதுகளுக்கென ஒரு தொகையையும் கழிக்க வேண்டும். எஞ்சுவதே இன்றைய நிலையில் அதன் விலை.

கோவையிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். முழு முற்பகலும் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். ஃபைபர் உடல் துருப்பிடிக்காது. ஆகவே வெளியழகைக் கண்டு மயங்காமல், உள்ளே தாங்கும் இரும்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். டயரில் பட்டன் தேயாமல் இருந்தது. எனினும் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். முதல் இரண்டு தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்குமாம். தேயாத அந்த டயர்கள் வயதாகி இறுகிப் போயிருந்தன. பெட்ரோல் தொட்டியில் பழைய எரிபொருள் பிசினாயிருந்தது. ஒயரிங்கை எலி கடித்திருந்தது. எஞ்சின் மட்டும் கையால் சுழற்றியபோது தடையின்றிச் சுழன்றது. பழுதுபார்க்க 1,60,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்.

தாளுக்கும் விலையுண்டு. ஆர்.சி. புத்தகத்தில் இறந்தவரின் பெயரே இருந்தது. வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31 அளித்து அம்மையார் பெயருக்கு மாற்றிய பின்னரே விற்க இயலும். பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலமும் கடந்திருந்தது. அத்தகைய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவற்றுக்கும் வண்டியை ஏற்றிச் செல்வதற்கும் இருபதாயிரம் என்று கொண்டோம். தெரியாத பழுதுகளுக்கு ஐம்பதாயிரம். நன்றாக ஓடினால் என்ன தருவீர்கள் என்று இளைஞரைக் கேட்டோம். மூன்றரை இலட்சம் என்றார். கழித்துப் பார்த்தால் 1,20,000 வந்தது.

கணக்கு முடிந்ததாகவே அனைவரும் எண்ணினர். அப்போது அம்மையார் கொழுந்தனாரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் அவிநாசி சாலையில் வண்டி மோதியதாம். முன்புறச் சட்டத்தை வெல்டிங் செய்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்களாம். சொல்ல வேண்டாம் என்று வீட்டில் தடுத்திருந்தனர். மெக்கானிக் மறுபடியும் உள்ளே சென்று பார்த்து, அதைச் சரிசெய்ய இன்னும் நாற்பதாயிரம் ஆகும் என்றார்.

13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பெருந்தொகுப்பில் இதே கேள்வியை எடுத்துக்கொள்கிறார். ஒற்றைக் கண் குதிரையை விற்பவன் அக்குறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, எவரும் காணலாம், அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும். ஆனால் மறைந்திருந்து வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். கிழிந்த மேற்கூரை ஒற்றைக் கண். வெல்டிங் செய்த சட்டமோ ஓர் உயிரைக் கேட்கக்கூடிய மறைவான பழுது. குருமடத்தில் நாம் தேர்வுக்காகப் படித்த பகுதியை, இறையியல் படித்திராத அந்த அம்மையார் எவரும் கற்பிக்காமலே செய்து காட்டினார்.

அதைக் கேட்ட இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் அவரும் வாய் திறந்தார். இவ்வகைக் கார்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்றும், நன்றாக ஓடும் வண்டிக்கு நாலரை இலட்சம்வரை தர ஆள் இருப்பதை விசாரித்து அறிந்திருந்ததாகவும் சொன்னார். விற்பவருக்குத் தெரியாத மதிப்பை வாங்குபவர் அறிந்திருப்பதும் மறைவான செய்திதான். தன் ஏட்டுப் பிரதியின் மதிப்பறியாது குறைந்த விலை சொன்ன ஒருவனுக்கு, அதன் மதிப்பறிந்தவன் நேரிய விலையையே கொடுத்ததாகப் புனித அகுஸ்தீனார் குறிப்பிடுகிறார். வியப்புக்குரியதாகக் குறிப்பிடும் அளவுக்கு அன்றும் அது அரிதாகவே இருந்திருக்கிறது.

மீண்டும் கணக்கிட்டோம். நாலரை இலட்சத்தில் பழுதுக்கு 1,60,000, சட்டத்திற்கு 40,000, தாள்களுக்கும் ஏற்றுகூலிக்கும் 20,000, தெரியாதவற்றுக்கு 50,000 போக 1,80,000 நின்றது. இளைஞர் தம் ஓய்வு நாள்களைச் செலவிடப் போவதற்கு விலை கேட்கவில்லை. அது உழைப்பன்று, மகிழ்ச்சி என்றார். இருவரும் உண்மை சொன்னதால் விலை அறுபதாயிரம் கூடியது. எப்போதும் இப்படி நிகழாது. உண்மை சொன்னவர் இழக்கும் நாள்களே மிகுதி. இழந்தாலும் அதுவே நேரிய விலை என்பதே நாம் சொல்ல வருவது. இன்னொரு வண்டிக்கு இத்தொகைகள் பொருந்தா. வழி மட்டுமே பொருந்தும்.

ஒன்றை மட்டும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை. கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாள் நெருங்குவதை இளைஞர் அறிந்திருந்தார். அறுபதாயிரம் என்ற முதல் விலையில் பாதி அந்தத் தேதியைப் பார்த்துச் சொன்னது. வாங்குபவனின் அவசரத்தைக் காட்டி விற்பவன் விலை ஏற்றலாகாது, ஏனெனில் அந்த அவசரம் விற்பவனுடைய பொருளன்று. தன்னுடையதல்லாததை எவரும் விற்க முடியாது என்று அக்குவினாஸ் எழுதுகிறார். அதையே திருப்பிச் சொன்னால், விற்பவரின் அவசரமும் வாங்குபவரின் தள்ளுபடியாகாது.

காதர்பேட்டைக் கடைகளில் ஓட்டை விழுந்த பனியனை 'செகண்ட்ஸ்' என்று சொல்லியே விற்கிறார்கள், அதில் வஞ்சகமில்லை. ஆனால் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும் என்று தவிக்கும் ஜாப் ஒர்க் யூனிட்காரரிடம், அந்தச் சனிக்கிழமையைக் காட்டியே பீஸுக்கு ஐம்பது காசு குறைப்பதும் நம் ஊரில் நடக்கிறது. அவர் இசைந்து கையொப்பமிடுகிறார். ஆகவே நேர்மையான வியாபாரம் என்கிறோம். அடுத்த முறை அவரோடு விலை பேச அமரும்போது, குறைக்கின்ற ஐம்பது காசு தையலின் குறைக்காகவா, அவருடைய சனிக்கிழமைக்காகவா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். தையலின் குறைக்கானால் அதைக் காட்டிச் சொல்வோம். சனிக்கிழமைக்கானால் அந்தக் காசு அவருடையது. கூலியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவோம்.