குடியம் காட்டுக்குப் போட்டுக்கொள்ள

பொன்னேரி,
தை மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள கமலா,

புதையல் தேடக் காட்டுக்குப் போக என்ன உடுப்பு வாங்கணும் என்று போனில் கேட்டாய். பள்ளியில் மணி அடித்துவிட்டதால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. நேற்றுதான் மறுபடி குடியம் போய் வந்தேன். கால் வலி இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் எது புதையல் என்று சொல்லிவிடுகிறேன். 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்துச் சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். இந்திய நிலவியல் துறைக்காரர். மனிதக் கை செதுக்கிய கைக்கோடரி அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் நம் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்து ஓடையில் அதைப் போன்ற கற்களை ஏராளமாகக் கண்டார்கள். அந்த ஊருக்குக் கொஞ்ச தூரத்தில், காட்டுக்குள் இருப்பதுதான் குடியம் குகை. தங்கம், செம்பு எதுவும் இங்கே கிடையாது. ஆகவே மெட்டல் டிடெக்டர் என்ன விலை என்று உன் தம்பி விசாரிக்க வேண்டாம். உலோகத்தையே அறியாத மனிதர்கள் விட்டுப்போன பொருள் இது.

பொன்னேரியிலிருந்து தச்சூர் கூட்டுரோடு, பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, சீத்தஞ்சேரி என்று போக வேண்டும். பெரியபாளையத்தில் பவானியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேப்பஞ்சேலை கட்டி வலம் வருகிற பெண்களைப் பார்க்கலாம். காப்புக் காட்டுக்குள் நுழைய வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடு. கிராமத்திலிருந்து வழி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொள்ளாமல் போகக் கூடாது. எங்களோடு வந்தவர் ஒரு இருளர் அக்கா.

இனி உடுப்பு. போன முறை நான் சுடிதாரில் போனேன். கால் மணி நேரத்தில் துப்பட்டாவைச் சூரைமுள் பிடித்துக்கொண்டது. சூரையின் முள் கொக்கி மாதிரி பின்னோக்கி வளைந்திருக்கும். முன்னால் இழுக்க இழுக்க இன்னும் ஆழமாக மாட்டும். பின்னால் ஒரு அடி வைத்துத்தான் விடுவிக்க வேண்டும். காரைமுள் அப்படியில்லை, நேராகக் குத்தும். இரண்டும் இந்தக் காட்டில் நிறைய உண்டு. தொங்குகிற எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது. அந்த அக்கா புடவையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் செருகி, மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் போடுகிற அதே சட்டை. வெயில், முள், சுணை மூன்றுக்கும் அதைவிட நல்ல உடுப்பை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. நேற்று நானும் என் அண்ணனின் பருத்திச் சட்டை, தடித்த பேன்ட் என்றுதான் போனேன்.

மலையேறப் பருத்தி ஆகாது, நனைந்தால் குளிரும் என்று குளிர்தேசத்துக்காரர்கள் சொல்வார்கள். பனியில் அது உண்மை. இங்கே நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டிக் குளிர்விப்பதுதான் நமக்கு வேண்டியது. நிறம் மட்டும் வெளிறியதாக இருக்கட்டும், மண் நிறமோ வைக்கோல் நிறமோ. குகையின் கூரையில் மலைத்தேனீக்கள் பெரிய பெரிய அடைகளாகக் கட்டியிருக்கின்றன. கறுப்புத் துணி, செண்ட், புகை, கூச்சல் எதுவும் அவற்றுக்கு ஆகாது. அன்றைக்குத் தலையில் பூ வைக்காதே, வாசனை எண்ணெயும் வேண்டாம். குகையைக் கண்டதும் கூப்பாடு போட ஆசை வரும். அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றுகிற உயரம். வாயைப் பொத்திக்கொள்.

காலுக்கு என்ன போடுவது என்பதில்தான் நான் நிறையப் பட்டுவிட்டேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள் போடும் சேஃப்டி ஷூ இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும். உறுதியானதாயிற்றே என்று ஒரு ஜோடி வாங்கினேன். மேலிருந்து இரும்பு விழுந்தால் விரலைக் காக்க முன்னால் வைத்திருக்கும் தகடு, சரிவில் இறங்கும்போது விரலையே நசுக்கியது. பெருவிரல் நகம் கறுத்து விழுந்துவிட்டது. வழியெல்லாம் உருண்டைக் கற்கள், கால் வைத்தால் புரளும். வளையக்கூடிய அடிப்பாகமும் கணுக்காலுக்கு மேல்வரை கேன்வாஸும் உள்ள ஹண்டர் ஷூ போதும். வனக்காவலர்கள் போடுவது, விலையும் குறைவு. பேன்ட் முனையைத் தடித்த காலுறைக்குள் செருகிக்கொள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உள்ள இடம். கையில் ஒரு கம்பு இருந்தால் புதரைத் தட்டிவிட்டுக் காலை வைக்கலாம். கல் இடுக்கில் கை விடவே கூடாது. ரப்பர் செருப்பை மட்டும் நினைக்காதே, சீமைக்கருவேல முள் அதை ஊடுருவி உள்ளங்காலுக்கு வந்துவிடும். அக்கா போட்டிருந்தது டயர் செருப்பு, அதில் முள் ஏறவில்லை.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். உப்பும் எலுமிச்சையும் தனியாக. தலைக்குத் தொப்பியைவிட ஈரத் துண்டு மேல்.

பையில் என்ன வைப்பது என்று நீ கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். நோட்டு, பென்சில், 15 செ.மீ. ஸ்கேல், போன். மண்வெட்டி, சுத்தியல், காலிப் பை எதுவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாணவர்களிடம் காட்டலாம் என்று அத்திரம்பாக்கத்து ஓடையிலிருந்து ஒரு கைக்கோடரியை எடுத்து வந்துவிட்டேன். உள்ளங்கை அகலம், இரு முகத்திலும் சில்லு பெயர்த்த வடுக்கள், அருமையான குவார்ட்சைட். ஒரு பையன் கேட்டான், "மிஸ், இது எந்த மண்ணுக்குள்ள இருந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. ஓடையின் எந்தக் கரை என்பதுகூட நினைவில்லை.

சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்தவர்கள். அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை என்று அவர்கள் குழு 2011-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. அந்தக் கணக்கு எப்படி வந்தது தெரியுமா? வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டு பெரிலியம், அலுமினியம் இரண்டின் அரிய வகை அணுக்கள் அதற்குள் உண்டாகின்றன. கல் மண்ணுக்குள் புதைந்ததும் புதிதாகச் சேர்வது நின்று, இருப்பவை வெவ்வேறு வேகத்தில் குறைகின்றன. எது எவ்வளவு மிச்சம் என்பதிலிருந்து புதைந்த காலத்தைக் கணக்கிடுகிறார்கள். எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. என் மேசை மேலிருந்த கல்லுக்கு அந்த விலாசம் இல்லை. அதைப் பிடுங்கி எறிந்தவள் நான். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

மண்ணில் புதைந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே புதையல் சட்டம் போட்டுவிட்டார்கள். எடுக்காதே என்று நான் அதற்குப் பயந்து சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்த இந்த நாட்களில் ஓடைச் சரிவுகள் புதிதாக அரித்து, கற்கள் வெளியே தெரிகின்றன. நேற்று ஒன்றைப் பார்த்தேன். பாதி மண்ணுக்குள், கூர்முனை மட்டும் வெயிலில். குனிந்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டேன். அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்த பிறகுதான் நடக்க ஆரம்பித்தார்.

நெருங்கிப் பார்க்க உனக்கு ஆசை இருக்கும். பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, அங்கே கண்ணாடிக்குள் வரிசையாகப் பார்த்துவிட்டு ஓடைக்குப் போவோம். அப்போதுதான் சாதாரண உருண்டைக் கல்லுக்கும் செதுக்கிய கல்லுக்கும் உன் கண் பழகும்.

மாசி பாதிக்குள் வந்துவிடு, பிறகு வெயில் தாங்காது. ஷூவை மட்டும் அங்கேயே வாங்கி நாலு நாள் வீட்டுக்குள் போட்டுப் பழக்கு. சட்டை என்னிடம் இன்னொன்று இருக்கிறது.

அன்புடன்,
ரேவதி