போர் தண்ணியும் வண்ண மீனும்

சேலத்திலோ நாமக்கல்லிலோ வண்ண மீன் கடைக்குள் முதல்முறை நுழைகிறவர், "எந்த மீன் பார்க்க நல்லா இருக்கும்?" என்றுதான் கேட்பார். விவரம் தெரிந்த கடைக்காரர் அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. "வீட்ல போர் தண்ணிங்களா, காவேரித் தண்ணிங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். தொட்டியின் அளவு, விளக்கு, கூழாங்கல், மோட்டார் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் கேள்விக்குக் காரணம் காலுக்கடியில் இருக்கிறது. இந்தச் சமவெளி கடினப் பாறையின் மேல் விரிந்த நிலம். சேலம் மாமாங்கம் பக்கம் மேக்னசைட் சுரங்கங்களில் வெள்ளைக் கல் கண்ணுக்கு நேராகவே தெரியும். மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கி மேலே வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டே வருகிறது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது; வாளியின் உள்விளிம்பில் வெள்ளை படியும்; ஹீட்டர் கம்பி மாதக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும். குடிக்கவும் சமைக்கவும் ஆகாது என்று வீடுகள் ஒதுக்கி வைக்கும் உப்புத் தண்ணீர் அது.

ஆனால் கப்பிக்கும் மோலிக்கும் அது பிறந்த வீட்டுத் தண்ணீர் மாதிரி. மோலி, பிளாட்டி, ஸ்வார்டு டெயில் ஆகியவை மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியின் மீன்கள். கப்பி தென் அமெரிக்காவின் வடகோடியையும் டிரினிடாட் போன்ற தீவுகளையும் சேர்ந்தது. கடினமான, காரத்தன்மையுள்ள நீர் இவற்றுக்குச் சுகம். மெல்லிய நீரில் மோலி துடுப்பை ஒடுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று ஆடும். அதே மோலி போர் தண்ணீரில் விறுவிறுவென்று தொட்டியைச் சுற்றி வரும்.

இவை முட்டையிடாமல் குட்டி போடும் மீன்கள். பெண் கப்பியின் வயிற்றுக்குக் கீழே, பின்பக்கம், ஒரு கரும்புள்ளி இருக்கும். நாள் நெருங்க நெருங்க அது பெரிதாகிக் கருக்கும். வயிறும் பக்கவாட்டில் சதுரமாகப் புடைக்கும். ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு ஈற்று. பிறந்த குட்டி சில நொடிகளில் நீந்தத் தொடங்கிச் செடிக்குள் ஓடி ஒளிகிறது. ஒளியாவிட்டால் தாயே தின்றுவிடும். ஆணோடு ஒருமுறை சேர்ந்த பெண், விந்தணுக்களை உடலில் சேமித்து வைத்துக்கொண்டு, வேறு ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் ஈன்றுகொண்டிருக்கும். ஃபுல் ரெட், மாஸ்கோ ப்ளூ, டம்போ என்று ரகம் காப்பவர்களுக்குத் தலைவலி இங்கேதான். குட்டிகளுக்கு 3, 4 வாரம் ஆவதற்குள் ஆண், பெண் பிரித்தாக வேண்டும். கலப்பு ஆண் ஒன்று ஒரே ஒரு நாள் உள்ளே இருந்துவிட்டாலும் அடுத்து வரும் பல ஈற்றுகளின் நிறம் கெட்டுப்போகும்.

அமேசான் மீன்களின் கதை வேறு. நியான் டெட்ரா, டிஸ்கஸ் ஆகியவை உப்பே இல்லாத, லேசான அமிலத்தன்மையுள்ள நீரில் வளர்ந்த இனங்கள். போர் தண்ணீரில் நியான் சில காலம் தாக்குப்பிடிக்கும். முட்டை பொரிப்பது மட்டும் நடக்காது. ஆசைப்படுகிறவர்கள் மொட்டைமாடி மழைநீரைப் பிடித்து வைக்கிறார்கள். முதல் மழையில் தூசியெல்லாம் கழுவிப்போக விட்டு, அடுத்த மழை நீரை டிரம்மில் சேர்த்து, போர் தண்ணீரோடு அளந்து கலக்கிறார்கள். சேலத்துக்கு மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் இரண்டுக்கும் நடுத்தரம். அதில் குளோரின் இருக்கும் என்பதால் அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஹைப்போ படிகம் போடுவார்கள்.

போர் தண்ணீரின் காரத்தன்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. புதுத் தொட்டிக்காரர்களின் மீன்கள் பலவும் சாவது அதனால்தான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொன்று நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதியில்லாத நைட்ரேட்டாக்கும். இந்தக் கூட்டம் ஃபில்டரிலும் மணலிலும் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் தொட்டி நிறைய மீனை விட்டால் அமோனியா ஏறும். நீரின் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அமோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிறது. பி.எச். குறைந்த நீரில் ஒருவர் பிழைத்துக்கொள்ளும் தவறு ராசிபுரத்துப் போர் தண்ணீரில் ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்துவிடும். முழுத் தண்ணீரையும் மாற்றிக் கழுவி வைப்பது இதற்கு மருந்தல்ல. அது பாக்டீரியாவையும் சேர்த்துக் கழுவிவிடும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும்.

கோடையும் இந்த ஊரில் ஒரு பரீட்சை. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3 மட்டுமே. ஏப்ரல், மே மாதங்களில் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்றால், நெருக்கமாக விட்ட கோல்டு ஃபிஷ்தான் முதலில் மேலே வந்து வாய் பிளக்கும். ஃபைட்டர் மீனுக்கு அந்தக் கவலையில்லை. அதன் தலைக்குள் இருக்கும் மடிப்பு உறுப்பு காற்றிலிருந்தே நேராக மூச்செடுக்கும்.

ஃபைட்டரின் இனப்பெருக்கத்தைப் பார்க்கப் பெரிய கண்ணாடித் தொட்டி தேவையில்லை. பழைய தெர்மாகோல் பெட்டியில் ஒரு சாண் உயரம்கூட வேண்டாம், அதற்கும் குறைவாக நீர். அதில் காய்ந்து உதிர்ந்த நாட்டுப் பாதாம் இலை ஒன்று. இலையின் சாறு நீரைத் தேநீர் நிறமாக்கி, பி.எச். அளவையும் கொஞ்சம் இறக்கும். ஆண் மீன் மேலே வந்து காற்றை விழுங்கி, எச்சில் பூசிய குமிழாக இலைக்கடியில் ஒவ்வொன்றாகத் துப்பும். சில மணி நேரத்தில் அது நுரைத் திட்டாகும். பிறகு பெண்ணை வளைத்து அணைக்கும். முட்டைகள் வெள்ளை ரவைபோல் உதிரும். ஆண் கீழே பாய்ந்து ஒவ்வொன்றையும் வாயில் கவ்வி வந்து நுரைக்குள் செருகும். வேலை முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆண் கடித்துக் குதறிவிடும். ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரிந்து, வால் கீழே தொங்க நுரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். நழுவி விழும் குஞ்சை அப்பன் மறுபடி மறுபடி எடுத்து வைப்பான். குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கிய பிறகு அவனையும் பிரித்துவிடுவார்கள்.

அதன்பின் தீனிதான் எல்லாம். முதல் சில நாள் வாழைப்பழத் தோலோ கோஸ் இலையோ ஊறிய நீரில் வளரும் இன்ஃபுசோரியா. பிறகு உப்பு நீரில் ஒரு நாளில் பொரியும் ஆர்ட்டீமியா. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் வேகவைத்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டிப் பிழிந்து ஊட்டுவதும் உண்டு. மிளகளவுக்கு மேல் போனால் அதுவே நீரைக் கெடுத்துக் குஞ்சுகளைக் கொன்றுவிடும்.

இவ்வளவு கைவேலை தெரிந்த ஊர் இன்னும் பெரும்பாலும் வாங்கி விற்கும் ஊராகவே இருக்கிறது. சென்னை கொளத்தூரின் மொத்தக் கடைகள்தான் தமிழ்நாட்டுக்கு வண்ண மீன் சந்தை. அங்கிருந்து ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் மீன்கள் ஊர் ஊராகப் போகின்றன. வேறொரு நீரில் வளர்ந்த மீனைப் பையை அறுத்து நேரே போர் தண்ணீரில் கொட்டினால் அதிர்ச்சியிலேயே சில செத்துவிடும். இங்கேயே பிறந்த மோலிக்கும் கப்பிக்கும் இந்த ஆபத்து இல்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இயங்கும் வேளாண் அறிவியல் நிலையம் மீன் வளர்ப்புப் பயிற்சிகள் தருகிறது. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் பண்ணைக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. நாலைந்து சிமென்ட் தொட்டியும் நிழல்வலையும் போதும். வீட்டிலிருக்கும் பெண்களுக்குக் கைக்கு எட்டிய வருமானம் இது.

அந்தத் தொட்டி மீன் ஓடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் வளர்ப்பவருக்கு உண்டு. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ஜிலேபி மீனாக இன்று காவிரி நெடுக நிறைந்திருக்கிறது. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்து, வைத்துக்கொள்ள இடமின்றி ஏரிகளில் விடப்பட்டுத் தமிழ்நாட்டு மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. வேண்டாத மீனைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைகள் ஊருக்கு ஒன்றிரண்டாவது இருந்தால் பாதிச் சேதம் நிற்கும்.

காவிரிக்கே சொந்தமான அழகும் இருக்கிறது. தாமஸ் ஜெர்டன் 1849-இல் விவரித்த அருலியஸ் பார்ப் காவிரி நீர்த்தொகுதியின் கெண்டை வகை. முதுகில் கரும்பட்டைகள், செதிலில் ஊதா மினுக்கம், வளர்ந்த ஆணின் முதுகுத் துடுப்பில் இழையிழையாய் நீட்சி. வெளிநாட்டு ஆர்வலர்கள் அதைப் பல காலமாகத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். ஆற்றில் அருகிவரும் அந்த மீனைப் பிடித்து விற்பது சரியாகாது. தொட்டியில் பெருக்குவதுதான் வழி. காவிரிக் குழாய் நீர், பாசிக் கொத்து நிறைந்த நீளத் தொட்டி, முட்டையைத் தின்றுவிடாதபடி இட்டவுடன் பெற்றோரைப் பிரிக்கும் கவனம் ஆகியவை அதற்குப் போதும். கப்பி ரகத்தைக் காக்க ஈற்றுக்கு ஈற்று கணக்கு எழுதி வைக்கும் இளைஞர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். ஃபைட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியை அவர்கள் அருலியஸுக்கு ஒதுக்கலாம்.