தூய கையே துணை

நோயுற்றாரைக் காணச் செல்வோர் வெறுங்கையுடன் செல்லலாகாது என்பது நம் வழக்கம். எங்கள் திண்டுக்கல்லில் சிறுமலை வாழைப்பழமும் நிலக்கோட்டை மல்லிகையும் கொண்டு செல்வோம். அன்பின் அடையாளமாகிய இவ்வழக்கத்தை நான் போற்றுகிறேன். எனினும், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக் கொண்டவரிடம் அவ்வன்பு விழிப்புடன் செல்லவேண்டும்.

1954-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று அஞ்சிய நோய் பலவற்றை இன்று மருந்துகள் அடக்குகின்றன. ஆனால் அம்மருந்துகள் புற்றணுக்களை அழிக்கும்போது, உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்களையும் குறைத்துவிடுகின்றன. மருந்தேற்றிய 7 முதல் 14 நாள்களில் பெரும்பாலும் அப்படை மிகவும் மெலிந்திருக்கும். அந்நாள்களில் பூச்சாடி நீரிலும், கழுவாத பழத்தோலிலும், நம் கைகளிலும் உள்ள கிருமிகள் அவருக்குப் பெரும்பகையாகும்.

ஆதலின், சளி பிடித்தவர் அவரைக் காணாதிருப்பதே நலம். மற்றவர் சோப்பிட்டுக் கை கழுவியே அணுகவேண்டும். பூவைத் தவிர்க்கலாம், பழத்தைக் கழுவி, தோலுரித்துக் கொடுக்கலாம்.

அவருடைய உடல்வெப்பம் 100.4 பாரன்ஹீட் பாகையை எட்டினால், நள்ளிரவேயாயினும் விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. தாமாக மாத்திரை விழுங்கிக் காய்ச்சலை மறைத்தலும் தீது. மருத்துவமனை சேர்ந்த 1 மணி நேரத்திற்குள் கிருமிக்கொல்லி மருந்து செலுத்தப்பெறுதல் உயிர்காக்கும்.

மாணவர்களே! புற்றுநோயை எதிர்த்துப் போராடும் ஒருவர் நம் கைக் கிருமிக்கு இரையாகலாமா? தூய கையுடன் செல்லுங்கள். அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை.