மேலுமலை இறக்கத்தில் எத்தனை யூனிட்?

ஜூலை 8, 2025, செவ்வாய்

இந்தப் பருவம் இரண்டாம் ஆண்டு மின்னியலும் காந்தவியலும் என் பங்குக்கு வந்திருக்கிறது. கூலும் விதியில் தொடங்கி, காஸ், மின்தேக்கி, ஆம்பியர், ஃபாரடே என்று நடந்து மேக்ஸ்வெல்லில் போய் முடிகிற அதே பழைய தடம். 1785-இல் கூலும் முறுக்குத் தராசை வைத்து அளந்ததிலிருந்து 1865-இல் மேக்ஸ்வெல்லின் கட்டுரை வெளிவந்தது வரை 80 ஆண்டுகள். நமக்கு ஒரு பருவம். அதிலும் உள்தேர்வு, விளையாட்டு விழா, பண்டிகைகளைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் யாராவது கம்பெனிக்குப் போகிறார்களா என்று கேட்டேன். கை தூக்காதவர்களை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. அப்பா ஓசூர் சிப்காட், அண்ணன் போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் லைன், அக்கா செல்போன் கம்பெனி. வராந்தாவில் தெலுங்கும் கன்னடமும் பேசிக்கொள்கிறார்கள், என்னிடம் தமிழில் சந்தேகம் கேட்கிறார்கள், விடையை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையோரத்துப் பிள்ளைகள்.

நிலைமின்னூட்டத்தை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்றால், பள்ளிக்கூடத்துச் சீப்பும் காகிதத் துண்டும்தான் வந்தன. கடைசியில் தளியிலிருந்து வரும் பெண் எழுந்தாள். “அக்கா வேலை செய்றப்ப கையில ஒரு ஸ்டிராப் கட்டுவாங்க மேடம். அதுல வயர் இருக்கும். கட்டலைன்னா லைன்ல உட்கார விடமாட்டாங்களாம். அது இதுக்குத்தானுங்களா?”

அதற்கேதான்.

ஜூலை 10, வியாழன்

காஸ் விதியைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்டிராப்பை எடுத்தேன். மனித உடலே ஒரு மின்தேக்கி. கணக்குக்கு 100 பிக்கோஃபாரடு என்று கொள்வது வழக்கம். பாலியெஸ்டர் துணியும் பிளாஸ்டிக் நாற்காலியும் உரசினாலே உடம்பில் 3,000 வோல்ட் ஏறிவிடும். தொட்டால் ஒரு சுள்ளாப்பு, அவ்வளவுதான் நமக்கு. நுண்சில்லுக்குள் இருக்கும் ஆக்சைடு படலத்துக்கு 100 வோல்ட்டே எமன்.

ஸ்டிராப்பின் வயரில் 10 லட்சம் ஓம் தடை ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். மின்னூட்டம் தரைக்குப் போகத்தானே வயர், நடுவில் எதற்குத் தடை? வகுப்பு முழுக்க இதில் மாட்டிக்கொண்டது. தவறுதலாக 230 வோல்ட் கம்பியில் கை பட்டால், தடை இல்லாத வயர் அந்தப் பெண்ணை நேராக எர்த்தோடு கட்டிப்போட்டு விடும். தடை இருந்தால் வயர் வழியாக ஓடுவது 0.23 மில்லி ஆம்பியர் மட்டுமே. சரி, அவ்வளவு பெரிய தடை மின்னூட்டம் இறங்குவதைத் தாமதப்படுத்தாதா? தடையையும் மின்தேக்குத் திறனையும் பெருக்கச் சொன்னேன்: நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 3,000 வோல்ட் 100-க்கு இறங்க நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு போதும். கை ஒரு சென்டிமீட்டர் நகர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஸ்டிராப் கட்ட வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியும், ஏன் என்பதும் ஓரளவு தெரிந்திருக்கும். ஏன் 10 லட்சம், ஏன் பத்தாயிரம் இல்லை என்பதை அங்கே யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அந்த ‘எவ்வளவு’ கல்லூரியின் பொறுப்பு.

ஜூலை 24, வியாழன்

காஸ் விதி. மின்னூட்டம் பெற்ற கோளத்துக்கு உள்ளே, வெளியே, பரப்பில். பத்து மதிப்பெண் வருவிப்பு. படத்தோடு மனப்பாடம் செய்துவிட்டார்கள். கோளத்தை எடுத்துவிட்டு நீண்ட கம்பியை வைத்தால் கை நின்றுவிடுகிறது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

தெருவில் பாதிப் பேர் ஒகேனக்கல் போய்விட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா, தாத்தா எல்லாம் சுரங்கத் தொழிலாளிகள். காவிரி என்று பேச்செடுத்தால் அவருக்கு ஒகேனக்கல் இல்லை, அதற்கு மேலே இருக்கிற சிவசமுத்திரம்தான். “எங்க ஊருக்கு லைட்டு வந்தப்புறம்தாம்மா பெங்களூருக்கே லைட்டு.” பெருமைக்காகச் சொன்ன கதை இல்லை, நிஜம். 1902-இல் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905-இல். சுரங்கத்துக்குத்தான் முதல் பந்தி, பெங்களூருக்கு அடுத்த பந்தி. வெள்ளைக்காரக் கம்பெனியின் கணக்கு அப்படி.

அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்தடங்களில் ஒன்று அது. அவ்வளவு தூரம் எப்படி அனுப்பினார்கள் என்பதே ஒரு பாடம். 1,000 கிலோவாட்டை 300 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் 3,333 ஆம்பியர் ஓட வேண்டும். 30,000 வோல்ட்டில் அனுப்பினால் 33 போதும். கம்பி சூடாகி வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே இழப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் டிரான்ஸ்பார்மர் வேண்டும், டிரான்ஸ்பார்மருக்கு மாறுதிசை மின்னோட்டம் வேண்டும். 1831 ஆகஸ்ட் 29 அன்று ஃபாரடே இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பி சுற்றி, ஒரு பக்கம் மின்னோட்டத்தை வைக்கும்போதும் எடுக்கும்போதும் மட்டும் மறுபக்கத்து ஊசி துள்ளுவதைப் பார்த்தாரே, அந்த வளையம்தான் டிரான்ஸ்பார்மர். 70 ஆண்டு கழித்து அது தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது.

தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. பெரியவரின் மகன் ஓசூரில் ஷிப்டுக்குப் போகிறார்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்றைய வகுப்பை மறக்க முடியாது. மத்தூர்ப் பக்கம் மாந்தோப்புக்காரர் வீட்டுப் பையன், வாய் திறந்து பேசியே பார்த்ததில்லை.

“மேடம், ஓம் விதிப்படி வோல்டேஜ் குறைஞ்சா கரண்டும் குறையணும்ல? எங்க போர் மோட்டாருக்கு லோ வோல்டேஜ்லதானுங்க காயில் கருகுது. ரெண்டு தடவை கட்டியாச்சு.”

இதற்கு முன் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஆனால் இந்த மாவட்டத்தில் போர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். காயில் கட்டும் கடைகள் பிழைப்பதே இதில்தான். நாங்கள்தான் ஓம் விதியை ஓர் அறையிலும் மோட்டாரை வேறோர் அறையிலும் வைத்துப் பாடம் நடத்துகிறோம்.

முதலில் நேர்த்திசை மோட்டாரை எடுத்தேன். 48 வோல்ட், காயிலின் தடை 0.1 ஓம். ஓம் விதிப்படி 480 ஆம்பியர் பாய வேண்டும். ஓடும்போது அளந்தால் 30-தான். மீதி எங்கே போனது? காந்தப்புலத்தில் சுழல்கிற காயில் தானே ஒரு ஜெனரேட்டராகவும் ஆகிவிடுகிறது. 45 வோல்ட்டை எதிர்த்திசையில் உண்டாக்குகிறது. வந்த 48-இல் 45-ஐ மோட்டாரே திருப்பித் தள்ள, மிச்சம் 3 வோல்ட், 0.1-ஆல் வகுத்தால் 30. லென்ஸ் விதி என்று புத்தகத்தில் இரண்டு வரியில் படிப்பது இதுதான். மோட்டார் சிக்கி நின்றுவிட்டால் எதிர் மின்னியக்கு விசை பூஜ்யம். 480 ஆம்பியரும் காயிலுக்குள் இறங்கும். புகை.

போர் மோட்டார் தூண்டல் மோட்டார். அதில் நிலைக்காந்தம் கிடையாது. காந்தப்புலத்தையே லைன் வோல்டேஜ்தான் உருவாக்குகிறது. வோல்டேஜ் இறங்கினால் புலமும் இறங்கும். ஆனால் தண்ணீர் 500 அடி ஆழத்தில் இருப்பது மாறவில்லை, அதைத் தூக்கத் தேவையான சுழற்று விசையும் மாறவில்லை. சுழற்று விசை என்பது புலத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவது. ஒன்று குறைந்தால் மற்றது ஏற வேண்டும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 1.25 மடங்கு, அதனால் வெப்பம் ஒன்றரை மடங்குக்கு மேல். இன்னும் இறங்கினால் தூக்க முடியாமல் மோட்டார் நின்றே போகும். அப்புறம் காயில் கடைதான்.

“அப்ப ஓம் விதி தப்புங்களா?” என்றது முன் பெஞ்சு. தப்பில்லை, தடைக்கு மட்டும் பொருந்துகிற விதியை மோட்டார் முழுக்கப் போர்த்தக் கூடாது.

ஓய்வறையில் இதைச் சொன்னபோது, இது பாடத்திட்டத்தில் இல்லையே என்றார் ஒருவர். இருக்கிறது. நான்காம் அலகில், ஃபாரடே விதிக்குக் கீழே. கேள்வித்தாளில்தான் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

காந்தத் தயக்கக் கண்ணி. வழக்கமாகத் தூக்கம் வரும் பாடம். இந்த வருடம் நாளிதழ்கள் எழுப்பிவிட்டன. ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றதிலிருந்து, மின்ஸ்கூட்டர் செய்கிற எல்லோருக்கும் காந்தம்தான் கவலை. ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர்; போச்சம்பள்ளியில் ஓலா. இந்த மாவட்டத்தைப் போல அந்தச் செய்தி பட்ட இடம் நாட்டில் அதிகம் இருக்காது.

நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தத்தில் டிஸ்புரோசியத்தைக் கொஞ்சம் எதற்குச் சேர்க்கிறார்கள்? கண்ணியின் படத்திலேயே பதில் இருக்கிறது. எதிர்ப்புலம் வந்தாலும் காந்தத்தன்மையை விட்டுக்கொடுக்காத பிடிவாதத்துக்குக் காந்த நீக்குத்திறன் என்று பெயர். சூடு ஏற ஏற அந்தப் பிடிவாதம் தளரும். மோட்டாருக்குள் சூடும் உண்டு, எதிர்ப்புலமும் உண்டு. டிஸ்புரோசியம் அந்தத் தளர்ச்சியைத் தாங்கிப் பிடிக்கிறது. ஃபெரைட் காந்தத்துக்கு அருமண் வேண்டாம்; ஆனால் வலு குறைவு, அதே சுழற்று விசைக்கு மோட்டார் பருத்துவிடும். x அச்சு, y அச்சு என்று வரைந்து பழகிய படத்தில் ஒரு பக்கம் ஓசூரும் மறுபக்கம் சீனாவும் இருக்கின்றன.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

ஊரெங்கும் பூசணிக்காயும் பொரியும். கம்பெனி வேன்களின் முகப்பில் வாழைக்கன்று.

நின்றுபோன டைட்டன் கடிகாரத்தைப் பூஜையில் வைக்க எடுத்தவள், மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். 1984-இல் டாடாவும் தமிழ்நாட்டின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்; ஓசூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவு வருவதும் அதுதான். உள்ளே குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று. நொடிக்கு ஒரு மின்துடிப்பு, முடியைவிட மெல்லிய கம்பியில் சுற்றிய காயிலுக்குள் போகிறது. குட்டிக் காந்தம் ஒன்று அரைவட்டம் திரும்புகிறது. அடுத்த நொடி துடிப்பின் திசை மாறுகிறது, மறு அரைவட்டம். பல்சக்கரங்கள் அந்த 180 பாகையை 30-ஆல் வகுத்து, நொடிமுள்ளை 6 பாகை தள்ளுகின்றன. கிருஷ்ணகிரித் தோப்பில் தண்ணீர் இறைப்பதும் மோட்டார், மணிக்கட்டில் இருப்பதும் மோட்டார்.

பேட்டரி மாற்ற வேண்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

“மேடம், ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி இறக்கம்தானுங்க. மின்ஸ்கூட்டர்ல இறங்கினா பேட்டரி ஏறுமா?” பாகலூர்ப் பையன். அண்ணனுக்கு இப்போதுதான் வண்டி வந்திருக்கிறது.

உயரத்தில் வித்தியாசம் சுமார் 400 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். வண்டியும் ஆளும் 190 கிலோ. பெருக்கினால் கிட்டத்தட்ட 7.45 லட்சம் ஜூல். யூனிட் கணக்கில் 0.2. மூன்று யூனிட் பிடிக்கிற பேட்டரியில் பதினைந்தில் ஒரு பங்கு. “அவ்வளவுதானா?” என்று முகம் சுருங்கிவிட்டது. மலை இறங்கினால் ஏதோ பெரிய புதையல் கிடைக்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

அந்த 0.2-ம் முழுதாகத் திரும்பாது. 50 கிலோமீட்டரில் 400 மீட்டர் என்றால் நூறு மீட்டருக்கு 80 சென்டிமீட்டர்தான் இறக்கம். அந்தச் சரிவில் இழுக்கிற விசை 15 நியூட்டன். டயரின் உராய்வு மட்டுமே 28 இருக்கும். 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு இன்னொரு 56. ஆகவே வழியின் பெரும்பகுதியில் மோட்டார் உழைத்தே ஆக வேண்டும். நூறு மீட்டருக்கு நாலைந்து மீட்டர் சரிகிற இடத்தில்தான் மோட்டார் ஜெனரேட்டராக மாறும். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருக்குமே, அதே எதிர் மின்னியக்கு விசை. இங்கே பேட்டரியின் பக்கமாகத் திருப்பி விட்டிருக்கிறார்கள்.

போவதற்கு ஏறத்தாழ 0.96 யூனிட், திரும்பி ஏறி வர 1.37 என்று பலகையில் முடிந்தது. மத்தூர்ப் பையன்தான் கடைசி வரியைப் போட்டான். அண்ணன் வண்டியின் திரையில் யூனிட் காட்டும், தீபாவளி லீவில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றான் பாகலூர்க்காரன். மேலுமலையில் லாரிகளுக்குப் பிரேக் பிடிக்காது, பகலில் போ, ஹெல்மெட் போட்டுக்கொள் என்றேன். அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து, “எதிர்க்காத்து அடிச்சா மேடம்?” காற்றின் வேகத்தையும் சேர்த்து வர்க்கம் எடுக்கச் சொல்லி, அதை ஒப்படைப்பாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.