கண்ணாடியின் மேல் ஒரு மணல்துகள்

வரைபலகையின் திரையைப் பேனா கீறிவிடும் என்று அஞ்சுவோர் பலர். எங்கள் அனுபவத்தில் பேனா குற்றமற்றது. அதன் முனை பிளாஸ்டிக், திரையோ கண்ணாடி. கனிமங்களின் கடினத்தை ஒப்பிட ஜெர்மானியரான ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்த 10 படி அளவுகோலில் கைவிரல் நகத்துக்கு ஏறத்தாழ 2.5, கண்ணாடிக்கு 5.5 முதல் 6 வரை, மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸுக்கு 7. ஆக, இரண்டுக்கும் நடுவே வந்தமரும் மணல்துகள்தான் கீறுகிறது. பேனா அதை இழுத்துச்செல்லும் வாகனம் மட்டுமே.

மதகடிப்பட்டில் குடியிருப்பவர்களுக்குத் துகள் எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. புதுச்சேரிக்கு மேற்கே 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், விழுப்புரம் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் இது. செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வரும் மாடுகளும் அவற்றை ஏற்றிவரும் வண்டிகளும் எழுப்பும் புழுதி, மாலைக்குள் சன்னல் கம்பிகளில் விரலால் பெயர் எழுதுமளவுக்குப் படிந்துவிடும். சந்தையின்மேல் எங்களுக்குப் புகார் ஏதுமில்லை. செவ்வாயன்று பலகையைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அண்ணன், தங்கை, அண்ணி என நாங்கள் மூவர் சேர்ந்து வாங்கிய பலகை அது. புதியதன் விலை எட்டாததால் ஒருவர் பயன்படுத்தியதையே வாங்கினோம். நோக்கம் எளியது. எங்களூரில் குண்டாங்குழி மகாதேவர் கோயில் இருக்கிறது. முதலாம் இராசராசன் காலத்துக் கற்றளி, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் தூண்களையும் கொடுங்கைகளையும் கோட்டச் சிற்பங்களையும் கோட்டோவியமாக வரைந்து முடிக்க வேண்டும். இடையிடையே சிற்றிதழ்களுக்கு அட்டைப்படம் வரைந்தால் மின்கட்டணத்துக்காகும். (சிற்றிதழ் நடத்துவோர் இவ்வரியைப் படித்துச் சிரிப்பார்கள் என்பதை அறிவோம்.)

வாங்கிவந்த அன்று திரையை அணைத்துச் சாய்வெயிலில் பிடித்தபோது, முன்னவரின் கை அதில் தெரிந்தது. நடுவில் மெல்லிய வளைகோடுகள், வலப்பக்கம் சரிந்தவை. இடவிளிம்பில், தூரிகையின் பருமனை மாற்றும் இடத்தில், ஒரே புள்ளியில் ஆயிரம் முறை தட்டிய மங்கல். பெயர் தெரியாத அவ்வோவியர் வலக்கைக்காரர், அடிக்கடி மனம் மாறுபவர் என்று ஊகித்துக்கொண்டோம். திரை எரியும்போது இக்கீறல்கள் கண்ணுக்குப் படுவதில்லை. பேனா மட்டும் அவற்றின்மேல் போகும்போது சற்றே தடுக்கும்.

இங்கு ஓலைச்சுவடியை நினையாதிருக்க இயலவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள, ஏறத்தாழ 11,000 கொண்ட சைவச் சுவடித் தொகுப்பை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எழுத்தாணி ஓலையைக் கீறித்தான் எழுதும். அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை துளைபடும் என்று மெய்யெழுத்துக்கே புள்ளியை விட்டுவிட்டவர்கள் நம் முன்னோர். கீறலில் கரி பூசி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினார்கள். அவர்கள் காத்தது எழுதப்பட்டதை. எங்கள் கண்ணாடியிலோ எதுவும் எழுதப்படுவதில்லை. கோடு கணினியின் நினைவில் போய்ச் சேர்கிறது. திரை உடைந்தாலும் மகாதேவர் கோயில் பத்திரமாக இருக்கும். நாங்கள் காப்பது இனி வரையவிருக்கும் கோட்டை, அதை இழுக்கும் கைக்குக் கிடைக்கும் பிடிமானத்தை. இதை உணர்ந்த பிறகே ஸ்கிரீன் கார்டு பற்றிய வழக்கு வீட்டில் சூடுபிடித்தது.

கடையில் கிடைப்பவை இருவகை. டெம்பர்டு கிளாஸ் என்பது இன்னொரு கண்ணாடித் தகடு. கீறலைத் தான் வாங்கிக்கொள்ளும், ஆனால் தடிமன் கூடும். பேனா முனைக்கும் அதன்கீழ் பிறக்கும் கோட்டுக்கும் நடுவே ஏற்கெனவே மயிரிழை இடைவெளி உண்டு; தகடு ஒட்டினால் அது விரியும், பக்கவாட்டில் பார்க்கும்போது கோடு முனையைவிட்டு விலகி நிற்கும். மற்றது மேட் எனப்படும் சொரசொரப்பான படலம். வழுக்கும் கண்ணாடியில் காகிதத்தின் உராய்வு கிடைக்கிறது. விலையாகப் பேனா முனையைத் தின்னும், ஒளியைச் சிதறடித்து, வெண்மையில் பொடிப்பொடியாய் வானவில் நிறங்களை மினுக்கும், கறுப்பைச் சாம்பலாக்கும். பேனாவை உணரும் தகடு திரைக்குப் பின்னால் இருப்பதால், எது ஒட்டினாலும் கோடு பதிவதில் குறையில்லை.

அண்ணி பள்ளிக்காலம் முதல் பென்சிலில் வரைந்தவர். படலமின்றி அவர் கை நிற்பதில்லை. கோடு ஓடிவிடுகிறது என்பார். அண்ணனுக்கோ யாளியின் பல்வரிசையை வரையும்போது மினுமினுப்பு கண்ணைக் குத்துகிறது. தங்கை எப்பக்கமும் சாயாமல் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் மூடும் கையுறை ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள். எங்கள் ஊரின் வியர்வைக்கு அதைவிடச் சிறந்த கண்டுபிடிப்பு வேறில்லை என்பது மூவரும் உடன்படும் ஒரே கருத்து.

நான்கு மாதம் வாதிட்டபின், மழை நின்று காற்றில் புழுதி அடங்கியிருந்த ஓர் ஐப்பசி இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒட்டுநாடாவால் துகள்களை ஒவ்வொன்றாய் எடுத்து, படலத்தை ஒட்டினோம். அண்ணியின் கைக்கு அது இன்றியமையாதது, அண்ணனின் கண்ணுக்கோ வெறும் தொந்தரவு என்பதே தீர்ப்புக்குக் காரணம். தொந்தரவைப் பொறுக்கலாம், வரைய முடியாமையைப் பொறுக்க இயலாது. முன்னவரின் கீறல்கள் படலத்தின்கீழ் நிரம்பி மறைந்தன. அதில் எங்களுக்குச் சிறு வருத்தமும் உண்டு.

இப்போது படலத்தின் நடுப்பகுதி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. வலப்பக்கம் சரிந்தவையும் இடப்பக்கம் சரிந்தவையுமாகக் கோடுகள் அதில் தெரிகின்றன, தங்கை இடக்கைக்காரி. மூன்றாவது பேனா முனை உளிபோல் தட்டையாகியிருக்கிறது. விளிம்பு கூராகுமுன் மாற்ற வேண்டும். கோயிலின் தென்புறக் கோட்டம் முடிந்தது. மேற்கு தொடங்கவில்லை.